நாற்பத்தேழாம் பிரிவும் ஒரு கைக்குட்டையும்

நிரந்தர வசிப்புரிமை கைக்கு வரும்வரை இந்த நாட்டுக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று நெரியோ உர்தனேத்தா சபதம் எடுத்தான். எடுத்த இடம், சந்தியாகோ நகரத்தில் அவன் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு. ஏழு வயசுக் குழந்தைகளுக்காகச் செய்த நாற்காலியில் நூற்றுப் பத்து கிலோ உடம்பைத் திணித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான். அப்படி உட்காரவைத்தால் யாருக்குத்தான் நாட்டுப்பற்று பொங்கும்?

அவன் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. வெனிசுவேலாவில், மரகாய்போ நகரத்தில், அவன் ஏசி மெக்கானிக். அந்த ஊர் வெயிலில் ஏசி நின்றால் கல்யாணமே நின்றுவிடும். மெக்கானிக் வாசலுக்கு வந்தால் வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று நாற்காலி போடுவார். அந்த ராஜமரியாதையை எல்லாம் உதறிவிட்டுக் குடும்பத்தோடு சிலி நாட்டுக்கு வந்து சேர்ந்தால், இங்கே ஜனங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "ஏசியா? அது எதுக்கு?" என்று கேட்டார்கள். இப்போது கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருமுனையில் ஒரு சின்னக் கடை வாடகைக்குக் காலியாக இருந்தது. அது கிடைத்தால் சொந்தப் பட்டறை. பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வாசலில் பெயர்ப்பலகை மாட்டலாம். ஆனால் கடைக்குச் சொந்தக்காரர் லவுத்தாரோ, ஊர் வழக்கப்படி மரியாதையாகத் 'தோன்' லவுத்தாரோ, கறாராகச் சொல்லிவிட்டார்:

"செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பேன். நிரந்தர வசிப்புரிமை இருந்தா வா. இல்லேன்னா கடை சலூன்காரனுக்கு."

அந்த உரிமைக்கு மனுப் போட்டுப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. கொடுமை என்னவென்றால், கூடவே மனுப் போட்ட மனைவி யஸ்மெலிக்கும் மகள் அரன்சாவுக்கும் போன வருஷமே வந்துவிட்டது. இவன் மனு மட்டும் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் அந்த வீட்டில் இரண்டு நிரந்தரமும் ஒரு தற்காலிகமும் குடியிருந்தார்கள். தினமும் காலையில் காப்பியோடு இந்தப் பேச்சு நடக்கும். மனுவில் கொடுத்திருந்தது யஸ்மெலியின் ஈமெயில். நெரியோ தன் ஈமெயிலின் பாஸ்வேர்டை ஐந்து தடவை மறந்து அதை நிரந்தரமாகவே பூட்டிவிட்டிருந்தான்.

"வந்துச்சா?"

"வரலை."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன். வரலை. குப்பையை எடுத்துட்டுப் போ."

"நான் ஏன் எடுக்கணும்?"

"நிரந்தரமா இருக்கறவங்க சொல்றதைத் தற்காலிகமா இருக்கறவர் கேட்டுத்தான் ஆகணும், என் ராசா."

இப்படிப்பட்டவனைத்தான் அந்த ஆகஸ்டு மாதக் குளிரில் பெற்றோர் கூட்டத்துக்கு அனுப்பியிருந்தாள் யஸ்மெலி. வகுப்பாசிரியை பெயர் மக்கரேனா. இந்த ஊரில் டீச்சரை டீச்சர் என்று கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். குழந்தைகள் மட்டுமல்ல, பெற்றோரும்தான். மக்கரேனா அத்தைக்கு இருபத்தாறு வயது. நாற்பத்து நாலு வயது நெரியோ அவளை அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் மீசை கூசும்.

"செப்டம்பர் பதினெட்டு தேசியத் திருநாள் வருது," என்றாள் மக்கரேனா அத்தை. "விழாவுக்கு முன்னாடி நம்ம வகுப்புக்கு வெள்ளையடிக்கணும் போ. வீட்டுக்கு ஒருத்தர், ரெண்டு சனிக்கிழமை. கூலி கிடையாது, அன்புதான் போ."

இந்த ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'போ' போடுவார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. யாரும் எங்கேயும் போகவேண்டியதில்லை. ஆனால் நெரியோவுக்கு ஒவ்வொரு தடவையும் தன்னைத்தான் ஊரைவிட்டே விரட்டுகிறார்கள் என்று தோன்றும்.

சனிக்கிழமை! அவன் ரத்தம் கொதித்தது. வாரம் முழுக்க அடுத்தவர் அழுக்குத் துணி சுற்றும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவனுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் சொர்க்கம். அன்றைக்குத்தான் நண்பன் எவுதோ வீட்டில் டோமினோ கட்டை ஆட்டம். யஸ்மெலி வேலைபார்க்கும் பேக்கரிக்குச் சனிக்கிழமை விடுமுறை இல்லை. ஆக, மாட்டிக்கொள்ளப்போவது யார் என்பதில் சந்தேகமே இல்லை. உரிமை கொடுக்க மாட்டார்களாம், சுவரை மட்டும் ஓசியில் வெள்ளையடிக்க வேண்டுமாம்.

வழக்கமாக இதற்கெல்லாம் அவன் ஒரே மருந்து வைத்திருந்தான்: முழங்கால் வலி. கல்யாணத்தன்று யஸ்மெலி ஆடக் கூப்பிட்டபோதே அந்த வலி வந்துவிட்டது. அப்புறம் வீடு மாற்றும்போது வந்தது, மாமியார் ஊரிலிருந்து வந்தபோது மூட்டையைத் தூக்கச் சொன்னதும் வந்தது. ஆனால் இன்றைக்கு, இத்தனை கோபத்துக்கு முழங்கால் போதாது என்று தோன்றியது. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும்.

எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"அத்தை," என்றான் கம்பீரமாக, பின்பக்கம் நாற்காலி ஒட்டிக்கொண்டிருக்க. "என் உடம்பைப் பாருங்க. கை நல்லா இருக்கு. கால் நல்லா இருக்கு. முழங்கால் இரும்பு மாதிரி இருக்கு. இந்தப் பள்ளிக்கூடத்துக்காக உழைக்கணும்னு துடிக்குது. ஆனா முடியாது!"

"ஏன், தோன் நெரியோ?"

"சட்டம்! வசிப்புரிமைக்குக் காத்திருக்கற ஆளு கூலி இல்லாம வேலை செய்யக்கூடாது. நாற்பத்தேழாம் பிரிவு, சி. யாராவது என்னை பிரஷ்ஷும் கையுமா பாத்துட்டா என் மனு குப்பையிலே!"

அப்படி ஒரு பிரிவு எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. அந்த நாற்காலியில் சிக்கியிருந்த நிமிஷத்தில் அவன் பெற்றெடுத்தது. ஆனால் வகுப்பறை உறைந்துபோயிற்று. ஒரு தாய், "பாவம், என்ன அநியாயம் போ!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு அப்பாக்கள் வந்து மரியாதையோடு நாற்காலியைப் பிடித்து இழுத்து அவனை விடுதலை செய்தார்கள். நெரியோ வீடுவரை விசிலடித்துக்கொண்டே போனான். யஸ்மெலியிடம், "எனக்கு வேலை ஒண்ணும் கொடுக்கலை," என்று மட்டும் சொன்னான். பொய் இல்லையே!

திங்கட்கிழமை சாயங்காலம் யஸ்மெலி பேக்கரியிலிருந்து வந்தாள். ரொட்டிப் பையை மேசையில் வைத்தாள். சால்வையை மடித்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நெரியோ, நாற்பத்தேழாம் பிரிவு... அது ஏ-யா, பி-யா?"

நெரியோ ரொட்டிப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தான்.

"...சி."

"சி. ஆமா. மக்கரேனா அத்தை வாசல்லே என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"என்ன சொன்னே?"

"எல்லாம் நிஜம்தான்னு சொன்னேன். பாவம் மனுஷன், பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழறாருன்னு சொன்னேன்."

யஸ்மெலி கத்தியிருந்தால் அவன் சமாளித்திருப்பான். தட்டு பறந்திருந்தாலும் குனிந்திருப்பான். அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். அதற்கு எங்கே குனிவது?

"அப்புறம் நாங்க ரெண்டு பேரும் நின்னு யோசிச்சோம். வேலைதானே செய்யக்கூடாது? சட்டம்னா மதிக்கணும். ஆனா ஆடறது வேலை இல்லையே?"

"ஆடறதா? யாரு?"

"விழாவிலே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு அப்பா, ஒரு அம்மா குவேக்கா ஆடணும். நம்ம வகுப்பிலே எல்லா அப்பாவும் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்க. கை சும்மா இருக்கறது நீ ஒருத்தன்தான். பேரு கொடுத்துட்டேன்."

குவேக்கா என்பது இந்த நாட்டின் ஆட்டம். தொப்பி, குதிரைக்காரர்கள் பூட்ஸில் மாட்டும் குதிமுள், தோளில் கோடு போட்ட போர்வை, கையில் கைக்குட்டை. கைக்குட்டையை வீசிக்கொண்டே ஆண் பெண்ணைச் சுற்றிவர வேண்டும். கடைசியில் தரை அதிர மிதிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த உள்ளூர் ஆம்பிளைகளே செப்டம்பர் வந்தால் தலைமறைவாகிவிடுவார்கள்.

"நான் மரகாய்போக்காரன்!" என்று கத்தினான் நெரியோ. "எனக்கு என்ன தெரியும் இந்த ஊர் ஆட்டம்? அதுவும் இல்லாம என் முழங்கால்..."

"இரும்பு மாதிரி இருக்குன்னு முப்பது பேருக்கு முன்னாடி சொன்னியாமே."

நெரியோ முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ஈனஸ்வரத்தில் கேட்டான்.

"ஒத்திகை எப்போ?"

"சனிக்கிழமை. நாலு சனிக்கிழமை."

எவுதோ வீட்டு டோமினோ மேசையில் அவன் நாற்காலி காலியாகவே கிடந்தது. பள்ளிக்கூடத்து உணவறையில் மக்கரேனா அத்தை கைதட்டித் தாளம் போட, நெரியோ ஒரு துடைப்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தான். ஜோடி யாரென்று கேட்டால், "யாரோ ஒரு அம்மா வருவாங்க போ, பாக்கலாம்," என்றாள் அத்தை. ஜன்னலுக்கு வெளியே, வெள்ளையடிக்க வந்த அப்பாக்கள் சுவரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ரேடியோ பாட, ரொட்டிக்குள் சுட்ட சாசேஜை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே அவன் ஆட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு சனிக்கிழமையில் அவர்கள் கடமை முடிந்தது. வெள்ளையடிப்பது இவ்வளவு சுகமான வேலை என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? மனம் வெந்தது நெரியோவுக்கு.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அரன்சா சோபாவில் ஏறி நின்று திருத்துவாள்.

"அப்பா, சேவல் கோழியைச் சுத்தி வர்ற மாதிரி வரணும் போ. நீ ஃப்ரிட்ஜைச் சுத்தி வர்ற மாதிரி வர்றே போ."

"நம்ம வீட்டிலே அந்தப் 'போ' வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சரி போ."

செப்டம்பர் பிறந்தது. ஊரெல்லாம் கொடி ஏறியது. நெரியோவுக்குக் கடையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் காப்பியைத் தொடுவதற்கு முன்பே கேட்பான்.

"வந்துச்சா?"

"உனக்கு ஏன் இந்த அவசரம்? கைக்குட்டையை உசத்திப் பிடின்னு அத்தை சொன்னாங்களே, பழகினியா?"

"கடை போயிடும்டீ! சலூன்காரன் கண்ணாடிக்கு அளவெடுத்திருப்பான் இந்நேரம்!"

"கடை எங்கேயும் போகாது. குப்பையை எடுத்துட்டுப் போ."

அன்றைக்குக் குப்பையோடு தெருவில் இறங்கியபோது ஒரு விசித்திரம் நடந்தது. அதுவரை வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லாத தோன் லவுத்தாரோ, எதிர்ப்பக்கத்திலிருந்து கையை ஆட்டினார்.

"வாங்க கடைக்காரரே! ஷட்டருக்கு என்ன கலர் வேணும்னு யோசிச்சு வையுங்க போ!"

காலை எட்டு மணிக்கே கிழவர் திருநாள் ஒயினை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நெரியோ குப்பையைப் போட்டுவிட்டு வந்தான்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், பள்ளிக்கூட விழா நாள். பள்ளிக்கூட முற்றத்தில் நானூறு பேர். எண்ணெயில் கறி அடைத்த எம்பனாதா பொரியும் வாசனை. மரகாய்போ ஏசி மெக்கானிக் இரவல் தொப்பியும், வயிற்றில் பொத்தான் போட முடியாத இரவல் கோட்டும், கணுக்காலில் குதிமுள்ளுமாகத் தாழ்வாரத்தில் ஜல் ஜல் என்று நடந்துகொண்டிருந்தான்.

"ஒரு பாட்டுதானே அத்தை? முடிச்சுட்டுப் போயிடலாம்ல?"

"ஒண்ணா? குவேக்கான்னா மூணு போ! நடுவிலே நிறுத்தினா அவமரியாதை."

மூன்று! நெரியோவுக்குக் கண் இருட்டியது. இதுவரை துடைப்பத்தோடுகூட ஒன்றைத் தாண்டியதில்லை. அந்த நிமிஷம் அவன் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. அவனை ஆட வைத்தது எது? நாற்பத்தேழாம் பிரிவு. அந்தப் பிரிவு தொலைந்தால்?

"அத்தை, உங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேன்," என்றான் தொப்பியைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு வசிப்புரிமை வந்துடுச்சு. இனிமே சட்டம் தடுக்காது. பிரஷ்ஷைக் கொடுங்க, எந்தச் சுவர்னாலும் அடிக்கறேன். ஆடறதுக்கு வேற யாரையாவது..."

அவன் முடிக்கவில்லை. மக்கரேனா அத்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு முறை விம்மினாள். அடுத்த விநாடி மைக்கை நோக்கி ஓடினாள். நெரியோ பின்னாலேயே ஓடினான். குதிமுள் மாட்டி ஒரு தூணைக் கட்டிக்கொண்டான்.

"அன்பான பெற்றோர்களே! நம்ம தோன் நெரியோவுக்கு வசிப்புரிமை வந்துடுச்சு! இன்னையிலேர்ந்து அவர் நம்ம ஊர்க்காரர்!"

நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்காலியிலிருந்து அவனை இழுத்துவிட்ட இரண்டு அப்பாக்களும் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். அன்றைக்கு அழுத தாய் இன்றைக்கும் அழுதாள். அரன்சா முன்வரிசை பெஞ்சில் ஏறி நின்று, "எங்க அப்பா! எங்க அப்பா!" என்று குதித்தாள்.

நெரியோ கழற்றிய தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். இத்தனை நாள் இந்த நாட்டைத் திட்டித் தீர்த்தவனுக்கு, இந்த ஜனங்கள் தனக்காகச் சந்தோஷப்படுவார்கள் என்று தெரியாது. அந்தச் சந்தோஷத்தையா பொய் சொல்லி வாங்கினேன் என்று வெட்கமாக இருந்தது. நாளைக்கு மனு தள்ளுபடி ஆனால் இந்த வாசலில் எந்த முகத்தோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து விடுவது? நிஜமாகவே பயந்துபோனான்.

"நம்ம ஊர்க்காரர் ஆடாம இருப்பாரா போ?" என்று மைக்கில் முழங்கினாள் மக்கரேனா அத்தை. கிதார் ஆரம்பித்துவிட்டது. யாரோ அவனை முற்றத்தின் நடுவில் தள்ளினார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஜோடி வந்தது. பூப்போட்ட பாவாடை, பின்னிய கூந்தல், கையில் வெள்ளைக் கைக்குட்டை. யஸ்மெலி.

"நீயா?" என்றான் நெரியோ.

"பின்னே துடைப்பமா? சுத்து."

சுற்றினான். கைக்குட்டைக்கு மறைவில் பேச்சு ஓடியது.

"பேக்கரிக்கு லீவு போட்டியா?"

"பேக்கரியிலேதான் ஒரு மாசமா மாவு மேசைக்குப் பக்கத்திலே பழகினேன். கைக்குட்டையை உசத்து. மைக்கிலே என்னமோ சொன்னாங்களே?"

"பொய் சொல்லிட்டேன், யஸ்மெலி. வந்துடுச்சுன்னு பெரிய பொய் சொல்லிட்டேன். என்ன பண்றது?"

"அது பொய் இல்லை."

"என்ன?"

"அந்தப் பக்கம் சுத்து! வந்துடுச்சு."

"எப்போ?"

"ரெண்டாம் தேதி."

இன்றைக்குப் பதினாறு. பதினாலு நாள்! பதினாலு நாள் தூக்கம்! பதினாலு நாள் குப்பை! நெரியோவின் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஆத்திரம் இறங்கியது. சரியாக அப்போதுதான் பாட்டில் மிதிக்கும் கட்டம் வந்தது. அவன் மிதித்தான் பாருங்கள், முற்றத்துச் சிமெண்ட் அதிர்ந்தது. மக்கரேனா அத்தை கண்ணில் நீர் தளும்பியது. கூட்டம் ஆரவாரித்தது. அத்தனை ரோஷத்தோடு ஒரு வெளியூர்க்காரன் குவேக்கா மிதித்து அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

இரண்டாவது பாட்டு.

"ஏன்டீ மறைச்சே? கடை!"

"மூணாம் தேதியே லவுத்தாரோகிட்ட காகிதத்தைக் காட்டிட்டேன். கடை உன் பேர்லேதான். இடது பக்கம்!"

"அப்போ அந்த ஷட்டர் கலரு..."

"பச்சைன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்டே ஏன் சொல்லலை? மனுஷன் செத்துப் பிழைச்சேனே!"

யஸ்மெலி கைக்குட்டையைத் தோளுக்கு மேல் சுழற்றிக்கொண்டு அரைவட்டம் போய் வந்தாள். இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது ஆரம்பித்துவிட்டது.

"சொல்லியிருந்தா நீ பிரஷ்ஷைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பே. கல்யாணத்தன்னிக்கு ஆடக் கூப்பிட்டேன். முழங்கால் வலின்னே. எங்க மாமாவோட ஆடினேன் நான், என் கல்யாணத்திலே. பதினோரு வருஷமா அந்த முழங்கால் சரியாகும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ காத்திருந்தது வெறும் பத்தொன்பது மாசம்."

நெரியோ தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். கடைசிப் பாட்டை ஒழுங்காக ஆடினான். ஃப்ரிட்ஜைச் சுற்றுவதுபோல் இல்லாமல், நிஜமாகவே சேவல் மாதிரி. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பியபோது, ஏமாந்ததும் ஒருவிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. முடிவில் அவள் அவன் கையோடு கை கோத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிவந்தபோது, பறிபோன நாலு சனிக்கிழமை டோமினோவுக்காகவும் அவளை மன்னித்துவிட்டான்.

நிழலில் உட்கார்ந்து இரண்டாவது எம்பனாதாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது மக்கரேனா அத்தை கையில் ஒரு அட்டையும், அணைக்க மறந்த மைக்குமாக வந்தாள்.

"என்ன ஆட்டம், தோன் நெரியோ! ஊரே உங்க காலைத்தான் பேசுது போ. இந்தாங்க, பட்டியல். வகுப்புக்கு உள்ளே வெள்ளையடிச்சாச்சு, வெளிச்சுவர் பாக்கி. மத்த அப்பாக்களுக்கு உள்ளே ரெண்டு சனிக்கிழமை ஆச்சு. வெளிச்சுவர் பெரிசு, அதனாலே அக்டோபர் முழுக்க நாலு சனிக்கிழமை. ஏணி மேலே ஏறணும்."

"நாலா? யாரைக் கேட்டு என் பேரை எழுதினீங்க?"

"உங்க வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுட்டாங்களே! அக்டோபருக்குள்ளே உரிமை வந்துடும்னு அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை போ!"

அட்டையைப் பார்த்தான். அவன் பெயருக்கு எதிரே யஸ்மெலியின் அழகான கையெழுத்து. பக்கத்திலேயே தேதி: செப்டம்பர் இரண்டு.

திரும்பிப் பார்த்தான். யஸ்மெலி அரன்சாவின் சடையைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கமே பார்க்காமல் நின்றாள். நெரியோ எம்பனாதாவைக் கீழே வைத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு முழங்காலைப் பிடித்தான். "அத்தை, என் முழங்கால்..." என்று ஆரம்பித்தான்.

மைக் வழியாக அதைக் கேட்ட நானூறு பேரும் சிரித்தார்கள்.